இன்றைக்குக் கால் சரி

கல்யாண ரிசப்ஷனில் மேடையேறி, மாப்பிள்ளை கையில் உறையைக் கொடுத்து, பெண்ணையும் ஒரு பார்வை பார்த்து, "இன்னிக்கு ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனவர் என் அனுபவத்தில் ஒருவர்தான். பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் சர்ச்சை ஒட்டிய ஹால். வரிசையில் அவருக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். பெண்ணின் அம்மாவுக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நீடூழி வாழ்க என்றிருக்கலாம். கர்த்தர் ஆசீர்வதிப்பார் என்றிருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு பிரியாணிக்குப் போயிருக்கலாம். அதென்ன இன்னிக்கு? அப்போ நாளைக்கு? மேடையில் இருந்த அத்தனை பேர் முகத்திலும் அந்தக் கேள்வி ஓடியது. நான் எனக்கு வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக் கைக்குட்டைக்குள் அமுக்கினேன். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய வாழ்த்து வராது என்பது அந்த ஹாலில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் குதிரை டாக்டர். பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் படித்துவிட்டு, "இது நேத்து எழுதினது சார், இன்னிக்கு எப்படியோ" என்பார். எல்லோருக்கும் டாக்டரம்மா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். கட்டையாக வெட்டிய தலைமுடி, பையன்கள் போடுகிற கான்வாஸ் ஷூ, பின்னால் மருந்துப்பெட்டி கட்டிய ஒரு லூனா மொபெட். ஹெண்ணூர், ஜக்கூர், எலகங்கா என்று ஊருக்கு வடக்கே எங்கெல்லாம் குதிரை இருக்கிறதோ அங்கெல்லாம் அந்த லூனா போகும். குதிரையை வாங்குகிறவன் முதலில் அவரைக் கூப்பிடுவான். விற்கிறவன் அவர் வரக்கூடாது என்று வேண்டிக்கொள்வான். அவர் வந்து, தொட்டு, ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் சொல்வது ஒன்றுதான். இன்னிக்குச் சரி. இல்லையென்றால், இன்னிக்கு வேண்டாம். அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியாது. அடுத்த மாசம் ஓடுமா, ரெண்டு வருஷம் தாங்குமா, குழந்தைகளை ஏற்றலாமா என்று கேட்டுப் பார்த்தவர்கள் எல்லாம் சுவரோடு பேசியவர்கள்.

நானோ இன்சூரன்ஸ் ஆபீஸ்காரன். நாளைக்கு என்ன ஆகுமோ என்று ஊரைப் பயமுறுத்திச் சம்பளம் வாங்கியவன். ஊருக்குப் போக மிச்சமிருந்த பயத்தை வீட்டுக்கு எடுத்து வருவேன். காஸ் சிலிண்டரை மூடினோமா என்று ஆஸ்டின் டவுன் பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி ஓடிவந்து பார்ப்பேன். மூடியிருக்கும். திறந்து, மறுபடி ஒருதரம் சரியாக மூடிவிட்டுப் போவேன். "நமக்கு எதுக்குங்க நாய்? நீங்களே எல்லாத்துக்கும் குரைக்கறீங்களே" என்பாள் என் மனைவி சரோஜா.

இப்படிப்பட்டவனுக்குப் பிறந்த மகள் குதிரை ஏறப் போனாள். யாரைப் போய்க் குற்றம் சொல்ல? பள்ளித் தோழி ஒருத்தி கூப்பிட்டாள் என்று ஹெண்ணூருக்கு அப்பால் இருந்த ஒரு குதிரையேற்றப் பள்ளிக்கு ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்க்கப் போனவள் ப்ரியா. வேடிக்கை அப்படியே மூன்று நான்கு வருஷம் நீண்டது. பியூசி சேர்ந்த வருஷம் குதிரையேற்றப் பள்ளிக்காரர் அவளிடம் ஆசை காட்டினார். ரேஸில் ஓடி ஒன்றும் ஜெயிக்காத இளங்குதிரை ஒன்று வந்திருக்கிறது, கால் நன்றாக இருந்தால் உனக்கென்றே வைத்துக்கொள், பதிலுக்கு ஞாயிறுதோறும் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு என்றார். நாலு வயசுக் குதிரை. காகிதத்தில் அதற்கு ஏதோ ராஜகம்பீரமான பெயர். லாயத்தில் எல்லோரும் சோட்டு என்றார்கள். குட்டிப்பயல் என்று அர்த்தமாம். அதன் முதுகு என் மூக்குக்கு நேராக இருந்தது.

மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் தந்திரம் செய்தேன். டாக்டரம்மாவைக் கூப்பிடுவோம், அவர் சரி என்றால் சரி என்றேன். ஏனென்றால் நான் முன்னாடியே ஒரு தரம் போய் அந்தக் கால்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அப்பாடா, என்ன கால்கள்! இடது முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே, உள்பக்கமாக, பாக்கு அளவுக்கு ஒரு கட்டி. வலது பின்னங்காலில் கம்பி கிழித்த நீளத் தழும்பு, அதன்மேல் முடி வெள்ளையாக முளைத்திருந்தது. இன்னொரு பின்னங்காலின் மடிப்பு எலும்பில் எலுமிச்சம்பழம் போல ஒரு வீக்கம். நாலு காலில் மூன்று அடிபட்ட கால். வலது முன்னங்கால் ஒன்றுதான் கடைந்தெடுத்த மாதிரி வழவழவென்று இருந்தது. எந்த டாக்டர் இதைச் சரி என்பார்? என் மகள் தரையிலேயே நடமாடுவாள். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

அவர் வந்த காலையில் லாயக்காரர் பாஷா ஆசையாகக் குதிரையைக் குளிப்பாட்டி, கால்களைப் பளபளவென்று கழுவி நிறுத்தியிருந்தார். டாக்டரம்மா ஒரு தரம் குனிந்து பார்த்துவிட்டு, நிழலில் கட்டச் சொல்லி, கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்துவிட்டார். ஈரக் காலை அவர் தொடுவதில்லையாம். தண்ணீர் பட்டால் உள்ளே இருக்கிற சூடு தெரியாது. வெயில் பட்டால் இல்லாத சூடு தெரியும். "அழகு பண்றேன்னு உண்மையைக் கழுவிட்டியேப்பா" என்றார். பாஷா, "மாப் கரோ டாக்டரம்மா, பொண்ணு பாக்க வர்ற மாதிரி நினைச்சுட்டேன்" என்றார். கால் காய்கிறவரை அவர் டீ குடித்தார். நான் நின்றேன். ப்ரியா நகத்தைக் கடித்தாள்.

பிறகு ஆரம்பித்தார். முகத்தைப் பார்க்கவே இல்லை. கீழே உட்கார்ந்து, கண்ணை மூடி, புறங்கையை மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே வந்தார். ஒரு காலைத் தொட்டதும் உடனே ஜோடிக் காலையும் தொட்டார். என் பாக்குக்கட்டிக்கு வந்தபோது நான் மூச்சைப் பிடித்தேன். கட்டைவிரலால் அழுத்தினார். சோட்டு வாலை ஆட்டி ஈ விரட்டியது.

"இது பழசு" என்றார். "சின்ன வயசுல ஓடவிட்டா எலும்பு இப்படித்தான் கோவிச்சுக்கும். அப்ப வலிச்சிருக்கும். இப்ப குளிர்ந்துபோச்சு, கல்லாயிடுச்சு. மூட்டுக்கிட்டயும் இல்ல, நரம்புகிட்டயும் இல்ல. இருக்கட்டும்."

தழும்புக்குப் போனார். அதன்மேல் தோலை விரலால் நகர்த்திப் பார்த்தார், நகர்ந்தது. ஒட்டவில்லை, மடக்கினால் தடுக்கவில்லை, இருக்கட்டும். எலுமிச்சம்பழத்துக்குப் போனார். லாயத்துச் சுவரை உதைத்துக்கொண்ட வீக்கம், மெத்தென்று இருக்கிறது, சூடில்லை, பார்க்க அசிங்கம், அவ்வளவுதான், இருக்கட்டும். நான் நம்பியிருந்த சாட்சிகள் ஒவ்வொன்றாகப் பல்டி அடித்துக்கொண்டிருந்தன. எனக்கு வேர்த்தது. ப்ரியா முகம் விரிந்துகொண்டே வந்தது. "டாக்டர், அந்தக் கட்டி கொஞ்சம் பெரிசா இல்லீங்களா?" என்று மெல்லக் கேட்டேன். அவர் என் வயிற்றைப் பார்த்தார். "உங்களுக்குக் கூடத்தான் தொப்பை இருக்கு. நடக்கறீங்கல்ல?"

அப்புறம் பாஷா கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு கெட்டித் தரையில் குதிரையை ஓட்டிக் காட்டினார். போய், திரும்பி வந்தது. இரண்டாவது தரம் வரும்போது எனக்குத் தெரிந்துவிட்டது. தலை ஆடியது! கட்டி இருந்த இடது கால் தரையில் படும்போதெல்லாம் தலையைக் கீழே போட்டது. வலிக்கிற காலில் தலை குனியத்தானே செய்யும்? நான் விரலை நீட்டிக்கொண்டு முன்னால் பாய்ந்தேன். "டாக்டர், இடது கால்! இடது கால்ல நொண்டுது!"

அவர் வாளியிலிருந்து எழுந்து நின்றார். முதல்முறையாக என்னைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தமாதிரி இருந்தது.

"நொண்டுறது சரி. ஆனா எந்தக் கால்ல தலை இறங்குதோ, அதைத்தான் அவன் நம்பறான் சார். பாரத்தை அதுமேல போடறான். வலிக்கற கால் படறப்ப தலையைத் தூக்கிக்குவான்."

அப்படியென்றால் வலது கால். கடைந்தெடுத்த மாதிரி இருந்த, யாரும் பார்க்காத, நானே சாட்சிப் பட்டியலில் சேர்க்காத கால். அவர் மறுபடி உட்கார்ந்து அந்தக் காலைத் தூக்கி, பின்பக்கத்து நரம்பை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து மெல்ல நெருக்கினார். சோட்டு காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. புறங்கையை வைத்தார், அடுத்த காலில் வைத்தார், திரும்பவும் இதில் வைத்தார்.

"இது புதுசு. இன்னிக்கு வேண்டாம்."

நான் ஜெயித்துவிட்டேன். நியாயமாக நான் அந்த இடத்தில் குதித்திருக்க வேண்டும். ப்ரியா அழவில்லை. அழுதிருந்தால் ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்து ஒப்பேற்றியிருப்பேன். அவள் குதிரையின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு, இனி இதற்கு என்ன ஆகும் என்று பாஷாவைக் கேட்டாள். பாஷா தரையைப் பார்த்தார். வேலை செய்யாத குதிரைக்குப் பள்ளிக்காரர் தீனி போடமாட்டார், கல்யாண ஊர்வலக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள் என்றார். ஊர்வலமென்றால் தார் ரோடு. பேண்டு, பட்டாசு, மேலே ஒரு மாப்பிள்ளை. அந்தக் கால் எத்தனை நாள் தாங்கும் என்று ப்ரியா டாக்டரம்மாவைக் கேட்டாள். அவர் பெட்டியை மூடிக்கொண்டே, ஓடாமல், ஏறாமல், தினமும் மண் தரையில் கையில் பிடித்து நடத்தினால் சூடு இறங்கலாம், இறங்காமலும் போகலாம் என்று மட்டும் சொன்னார். ப்ரியாவுக்குக் காலையில் காலேஜ். பாஷாவுக்கு லாயம் நிறையக் குதிரைகள்.

"நான் நடத்தறேன்" என்று ஒரு குரல் கேட்டது. யார் அது என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். மகள் முகத்துக்காக என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். ஆனால் மூன்று கால் அடிபட்டும் ஒன்றும் ஆகாமல், ஒரு குறையும் இல்லாத காலில் போய் மாட்டிக்கொண்டதே இந்தப் பிராணி என்று எனக்குள் என்னவோ செய்தது. நானும் ஆபத்து தெரிகிற பக்கமே பார்த்துக்கொண்டு வாழ்ந்தவன்.

தீனிக் காசை நான் கொடுப்பதாகப் பேச்சு. மறுநாளிலிருந்து ஆபீஸுக்குப் போகுமுன் ஸ்கூட்டரில் ஹெண்ணூர். முதல் வாரம் நான் சோட்டுவை நடத்தவில்லை, சோட்டு என்னை நடத்தியது. கயிற்றின் இந்த முனையில் நான் நடுங்க, அந்த முனையில் அது என்னைப் பார்த்து நடுங்கும். "சாப், மெதுவா நடங்க. நீங்க ஓடுனா அவன் எதுக்கோ பயந்து ஓடறோம்னு நினைச்சுக்குவான்" என்றார் பாஷா. மெதுவாக நடப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? பஸ்ஸைப் பிடிக்கவே பிறந்த கால்கள் என்னுடையவை. பேச ஆரம்பித்தேன். எண்டோமென்ட் பாலிசிக்கும் மணி பேக் பாலிசிக்கும் உள்ள வித்தியாசத்தை அந்தக் குதிரை அளவுக்குப் பொறுமையாகக் கேட்டவர்கள் பெங்களூரில் இல்லை.

தினமும் எனக்குக் கால் சூடாகத்தான் தெரிந்தது. லாயத்துக்கு எதிரே பெட்டிக்கடையில் ஒரு ரூபாய் போட்டுப் பேசுகிற போன் இருந்தது. அதில் டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, கொதிக்கிறது என்பேன். கையின் எந்தப் பக்கத்தை வைத்தீர்கள் என்று கேட்பார். உள்ளங்கை என்பேன். உங்க உள்ளங்கை எப்போதும் வேர்த்துத்தான் கிடக்கிறது, புறங்கையை வையுங்கள், அதுவும் ஒரு காலை மட்டும் தொட்டு முடிவு செய்யாதீர்கள், ஜோடியைத் தொட்டால்தான் தெரியும் என்பார். ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. ஒருநாளும், கவலைப்படாதீங்க என்று சொன்னதும் இல்லை. அந்த ஒரு சொல்லுக்காக நான் எவ்வளவோ சில்லறையைத் தின்னக்கொடுத்தேன் அந்தப் போனுக்கு.

ஒருமுறை நேரிலேயே கேட்டுவிட்டேன். பொய்யாகவாவது, சரியாயிடும் என்று சொன்னால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று. அவர் குதிரையின் குளம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கும் இவன் இங்கதானே நிப்பான்? நாளைக்கு வந்து தொட்டுப் பாக்கறேன்" என்றார். "இன்னிக்கே சொல்லிட்டா நான் நாளைக்கு வரமாட்டேன் சார். சொன்னதை நம்பிட்டு வீட்ல இருந்துடுவேன்."

அந்த நாட்களில்தான் சரோஜாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஹார்லிக்ஸோடு ஒரு "எல்லாம் சரியாயிடும்" கொண்டுவந்தார்கள். நான் வாசலில் நின்று அவற்றை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தேன். டாக்டரம்மாவும் வந்தார், ஒரு பை ப்ளம்ஸ் பழத்தோடு. ஸ்டூலை இழுத்துப் போட்டு, சரோஜாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்னிக்கு முகம் தெளிஞ்சிருக்கு" என்றார். அவ்வளவுதான், கிளம்பிவிட்டார்.  அவர் போனபிறகு சரோஜா என்னிடம் கேட்டாள்: "நேத்து வந்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்க?" நேற்று அவளுக்குக் காய்ச்சல் ஏறி நாங்கள் எல்லோரும் ஆடிப்போயிருந்தோம். என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். ஹார்லிக்ஸ் பாட்டில்களை மறுபடி அடுக்கினேன். அப்படி ஒரு ஆள் பக்கத்தில் இருப்பது எப்போதும் சுகமான காரியமில்லை. ஆனால் அன்று சாயங்காலம் சரோஜா தானாக எழுந்து உட்கார்ந்து ஒரு ப்ளம்ஸ் தின்றாள். ஹார்லிக்ஸ் அப்படியே இருந்தது.

மழைக்காலம் வந்து போனது. என் தொப்பை கொஞ்சம் இறங்கியது. ஒருநாள் காலை டாக்டரம்மா கால்களைத் தொட்டுப் பார்த்து, வலதை நெருக்கி, இடதை நெருக்கி, பாஷாவைக் கெட்டித் தரையில் ஓட்டச் சொன்னார். தான் மட்டும் திரும்பி நின்றுகொண்டார். பார்க்கவில்லை, கேட்டார். டக் டக், டக் டக். எனக்கு எல்லாமே என் நெஞ்சுச் சத்தமாகத்தான் கேட்டது. அவருக்குக் குளம்பு மட்டும் கேட்டது போலிருக்கிறது.

"இன்னிக்குச் சரி. கொஞ்ச நேரம், மண்ணுல மட்டும்."

ப்ரியா தொப்பியை மாட்டி ஏறிவிட்டாள். இத்தனை மாதம் அந்தக் காலுக்காகவே பயந்துகொண்டிருந்ததில், கால் சரியானால் மேலே என் மகள் ஏறுவாள் என்பதையே மறந்துபோயிருந்தேன். இப்படியும் ஒரு கூமுட்டை உண்டா? வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டரம்மாவும் பக்கத்தில் வந்து நின்றார். எலகங்காவில் இன்னொரு குதிரை பார்க்க வேண்டும் என்று பாஷா ஞாபகப்படுத்தினார். ஆய்த்து ஆய்த்து, ஆச்சு ஆச்சு என்று கன்னடத்தில் சொன்னாரே தவிர நகரவில்லை.

"விழமாட்டால்ல டாக்டர்?" என்றேன். மாட்டா என்ற ஒரு சொல் போதும். அதை வைத்துக்கொண்டு ஆயுசைக் கழித்துவிடுவேன்.

"விழுவா" என்றார்.

விசித்திரம் என்னவென்றால் எனக்கு நடுக்கம் நின்றது. எத்தனையோ பேருக்கு நான் பாலிசி ஃபாரம் நிரப்பிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். ஒருத்தரிடமும், செத்துப்போவீங்க என்று நான் சொன்னதில்லை. என்னிடமும் யாரும் எதையும் நேராகச் சொன்னதில்லை. அவர் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நின்றார்.

எதிர்ப்பக்கம் திரும்புகிற இடத்தில் ஒரு மைனாக் கூட்டம் கிளம்பியது. சோட்டு ஒரே துள்ளலாகப் பக்கவாட்டில் துள்ளியது. ப்ரியா மண்ணில் கிடந்தாள். கடிவாள வார் அறுந்த கொடி மாதிரித் தொங்க, குதிரை அவளைச் சுற்றிச் சுற்றி மிரண்டது. நான் வேலியைத் தாண்டியது எனக்கே தெரியாது.

"ஓடாதீங்க" என்றார் அவர் பின்னாலிருந்து, சத்தம் போடாமல். "ஓடினா அவன் மிதிச்சிடுவான். நடங்க."

நடந்தேன். மகள் மண்ணில் கிடக்க, ஒரு அப்பன், மாலை நேரத்தில் லால்பாகில் உலாத்துகிற மாதிரி நடந்தேன். அந்த மைதானம் என்றைக்கும் அவ்வளவு நீளமாக இருந்ததில்லை. வாய் மட்டும் தானாக மணி பேக் பாலிசியைப் பற்றி முணுமுணுத்தது. சோட்டு காதை என் பக்கம் திருப்பியது. சுற்றுவதை விட்டது. நின்றது. நான் போய் வாரைப் பிடித்தபோது அதன் மூச்சு என் சட்டைக்குள் புகுந்தது.

ப்ரியா எழுந்து உட்கார்ந்து மண்ணைத் துப்பினாள். உதட்டில் ரத்தம். கை காலெல்லாம் அசைந்தது. "பொண்ணு விழுந்து கிடக்கா, வாக்கிங் வர்றியாப்பா நீ?" என்றாள். இன்றுவரை சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் அதைச் சொல்லி என் மானத்தை வாங்குகிறாள்.

இருவரையும் கூட்டிக்கொண்டு வேலிக்குத் திரும்பினேன். டாக்டரம்மா ப்ரியாவின் மணிக்கட்டையும் கணுக்காலையும் தொட்டுப் பார்த்தார். வழக்கமான 'இன்னிக்குச் சரி' இல்லாமலேயே பெட்டியை லூனாவில் கட்டினார். பெடலை மிதித்தார், கிளம்பவில்லை. மறுபடி மிதித்தார். நெற்றி வேர்க்க வேர்க்க மிதித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பாஷா போய்க் குனிந்து பார்த்து, "டாக்டரம்மா, பெட்ரோல் குழாயே தொறக்கலியே நீங்க" என்று திறந்துவிட்டார்.